செல் ஒரு தொழிற்சாலையா?

பத்தாம் வகுப்பு வரை படித்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அறிவியல் பாடத்தில் எல்லாமே மறந்திருந்தாலும் ஒரு வாக்கியம் மட்டும் மறந்திருக்காது. "மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம்!" அதற்கு மேல் கேட்டால் சிரிப்புதான் பதிலாக வரும். என்ன ஆற்றல், அது எங்கிருந்து வருகிறது, அந்த நிலையம் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதெல்லாம் யாருக்கும் நினைவில் இல்லை. ஒரு மதிப்பெண் கேள்விக்கு ஒரு வரி விடை. அதோடு கதை முடிந்தது.

அந்த ஒரு வரி மட்டும் மனதில் தங்கியதற்குக் காரணம் அது ஓர் உவமை என்பதுதான். செல்லைப் பற்றிய பாடம் முழுவதுமே இப்படிப்பட்ட உவமைகளால் ஆனது. செல் ஒரு தொழிற்சாலை. உட்கரு அதன் மேலாளர். ரைபோசோம் உற்பத்திப் பிரிவு. எண்டோபிளாச வலை உள்ளே பொருட்கள் போகும் பாதை. கோல்கை உறுப்பு பேக்கிங் பிரிவு. லைசோசோம் தற்கொலைப் பை. செல் படலம் வாசலில் நிற்கும் காவலர். தாவர செல்லாக இருந்தால் கூடுதலாகப் பசுங்கணிகம் என்ற சமையலறையும், செல் சுவர் என்ற மதிலும் உண்டு.

இந்த உவமையில் தவறு இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை 13 வயதுப் பிள்ளைக்கு விளக்க வேறு வழியும் இல்லை. ஆனால் பாடத்தின் தொடக்கமாக இருக்க வேண்டிய உவமையே பாடத்தின் முடிவாகவும் ஆகிவிட்டது என்பதுதான் பிரச்சினை. மாணவர்கள் செல்லைப் படிப்பதில்லை, செல் உறுப்புகளின் பதவிப் பெயர்களைப் படிக்கிறார்கள். ஓர் அலுவலகத்தில் இருக்கும் எல்லாருடைய பதவியும் தெரிந்திருந்தால் அந்த அலுவலகம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிடுமா?

மேலாளர் இல்லாத தொழிற்சாலை

முதலில் மேலாளரையே எடுத்துக்கொள்வோம். 1831இல் ராபர்ட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ஆர்க்கிட் செடிகளை நுண்ணோக்கியில் பார்த்து, ஒவ்வொரு செல்லிலும் உருண்டையாக ஒன்று இருப்பதைக் கண்டு அதற்குப் பெயர் வைத்தார். அதுதான் நாம் உட்கரு என்று படிப்பது. டி.என்.ஏ. பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே எல்லாக் கட்டளையும் அங்கிருந்துதான் வருகிறது என்று பாடம் சொல்கிறது.

உண்மையில் உட்கருவை மேலாளர் என்பதைவிட ஆவண அறை என்பது பொருத்தம். எந்த ஆவணத்தை எப்போது எடுத்து நகல் போட வேண்டும் என்பதை வெளியிலிருந்து வரும் செய்திகளே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் இன்சுலின் கூடுகிறது. அது தசை செல்லின் படலத்தைத் தொட்டவுடன், உள்ளே சிறு பைகளில் காத்திருக்கும் குளுக்கோஸ் கடத்திகள் படலத்துக்கு வந்து சர்க்கரையை உள்ளே எடுக்கின்றன. சில நிமிடங்களில் நடக்கும் இந்த வேலைக்கு உட்கருவின் புதிய உத்தரவு எதுவும் தேவையில்லை.

இன்னும் ஒரு சான்று நம் இரத்தத்திலேயே ஓடுகிறது. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. இருந்தும் அது ஏறத்தாழ 120 நாட்கள் ஆக்சிஜன் சுமந்து வேலை செய்கிறது. தாவரத்தில் உணவைக் கொண்டுபோகும் சல்லடைக் குழாய்ச் செல்லுக்கும் உட்கரு இல்லை. பக்கத்தில் ஒட்டியிருக்கும் துணை செல் அதைக் காப்பாற்றுகிறது.

அப்படியானால் உட்கரு தேவையே இல்லையா? தேவைதான். சிவப்பணுவால் தன்னைப் பழுது பார்த்துக்கொள்ள முடியாது. பழுது கூடிக் கூடி ஒரு நாள் அழிந்துவிடும். அதனால்தான் எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு நொடியும் சுமார் 20 லட்சம் புதிய சிவப்பணுக்களை உருவாக்க வேண்டியிருக்கிறது. உட்கரு இல்லாமல் ஒரு செல் சில காலம் ஓடும், ஆனால் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாது. "உட்கரு மேலாளர்" என்ற ஒரு வரியில் இது எதுவுமே வராது.

விருந்தாளியாக வந்து பங்குதாரரானவர்

அடுத்தது புகழ்பெற்ற ஆற்றல் நிலையம். தொழிற்சாலையில் ஜெனரேட்டரை முதலாளி வாங்கி வைப்பார். செல்லில் மைட்டோகாண்ட்ரியாவை யாரும் வாங்கி வைக்கவில்லை. 150 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அது தனியாக வாழ்ந்த ஒரு பாக்டீரியா. இன்னொரு செல்லுக்குள் போய்ச் சேர்ந்து, செரிக்கப்படாமல் தங்கிவிட்டது. பசுங்கணிகத்தின் கதையும் இதேதான். அது ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியாவின் வழி வந்தது.

இந்தக் கருத்து எளிதில் ஏற்கப்படவில்லை. பசுங்கணிகம் வெளியிலிருந்து வந்தது என்று ரஷ்யாவின் மெரெஷ்கோவ்ஸ்கி 1905லேயே எழுதினார். யாரும் பொருட்படுத்தவில்லை. 1967இல் அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் இதை விரிவாக எழுதிய கட்டுரையை ஏறத்தாழ 15 ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகே ஓர் இதழ் வெளியிட்டது. பின்னர் மரபணு வரிசைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி வந்தபோது அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. இரட்டைப் படலம், பாக்டீரியாவுக்கு இருப்பது போன்ற வட்ட வடிவ டி.என்.ஏ., சொந்த ரைபோசோம் என எல்லாமே பழைய வாழ்க்கையின் அடையாளங்கள்.

இன்று அந்த விருந்தாளி பிரிந்து போக முடியாத பங்குதாரர். மனித மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.யில் இருப்பது 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள் மட்டுமே. அவற்றிலிருந்து கிடைக்கும் புரதங்கள் 13தான். ஆனால் மைட்டோகாண்ட்ரியா வேலை செய்ய ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் வேண்டும். மீதி அத்தனைக்கும் குறிப்பு உட்கருவில் இருக்கிறது. சைட்டோபிளாசத்தில் தயாராகி உள்ளே இறக்குமதி ஆகிறது. இரண்டு கம்பெனிகள் இணைந்த பிறகு, எந்தச் சொத்து யாருடையது என்று கணக்கைப் பிரிக்கவே முடியாத நிலை இது!

இந்தப் பழங்கதை தெரிந்து யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பயன் மருந்துக் கடையில் இருக்கிறது. சில ஆன்டிபயாட்டிக்குகள் பாக்டீரியாவின் ரைபோசோமைத் தாக்கி அதைச் செயலிழக்கச் செய்கின்றன. மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் அந்த வம்சம் என்பதால் சிலருக்கு அதுவும் அடிபடுகிறது. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.யில் 1555ஆம் எழுத்து மாறியிருப்பவர்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகளால் நிரந்தரமாகக் காது கேட்காமல் போகலாம். மைட்டோகாண்ட்ரியா தாய் வழியாக மட்டுமே வருவதால், தாய்வழி உறவினர்களில் யாருக்காவது இப்படி ஊசிக்குப் பிறகு கேட்காமல் போயிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்வது அவசியம். "ஆற்றல் நிலையம்" என்று மட்டும் படித்தவருக்கு இதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றாது.

மலேரியா இன்னும் வியப்பானது. மலேரியாக் கிருமிக்குள் பசுங்கணிகத்தின் தூரத்து உறவான, பச்சை நிறத்தை இழந்துவிட்ட ஓர் உறுப்பு இருக்கிறது. டாக்சிசைக்ளின் என்ற பாக்டீரியா மருந்து மலேரியாவுக்கு எதிராகவும் வேலை செய்யக் காரணம் அந்த உறுப்புதான். வரலாறு தெரிந்தால்தான் இந்த மருந்து ஏன் வேலை செய்கிறது என்பது புரியும்.

தாவரத்துக்கும் மூச்சு உண்டு

தாவர செல்லுக்கும் விலங்கு செல்லுக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதச் சொல்லும் கேள்வி இல்லாத வினாத்தாள் அபூர்வம். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் பசுங்கணிகம் உண்டு, வலப்பக்கம் இல்லை. இடப்பக்கம் செல் சுவர் உண்டு, வலப்பக்கம் இல்லை. இந்த அட்டவணையை மனப்பாடம் செய்தவர்களில் பலரும் ஒரு தவறான எண்ணத்தோடு வெளியே வருகிறார்கள். விலங்குக்கு மைட்டோகாண்ட்ரியா, தாவரத்துக்கு அதற்குப் பதிலாகப் பசுங்கணிகம்!

தாவரத்துக்கு இரண்டும் உண்டு. பசுங்கணிகம் வெயிலில் கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் கொண்டு சர்க்கரை செய்கிறது, ஆக்சிஜனை வெளியே விடுகிறது. மைட்டோகாண்ட்ரியா அந்தச் சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்து உடைத்து, செல் செலவழிக்கக்கூடிய ஏ.டி.பி. என்ற நாணயமாக மாற்றுகிறது. கார்பன் டை ஆக்சைடும் நீரும் திரும்பி வருகின்றன. கணக்குப் பதிவியலின் இரட்டைப் பதிவு முறை போல, ஒரு பக்கம் பற்று என்றால் மறுபக்கம் வரவு.

வேருக்கு வெயில் படாது. அங்கே பச்சை நிறமே இல்லை. வேரின் செல்கள் முழுக்க முழுக்க மைட்டோகாண்ட்ரியாவை நம்பியே வாழ்கின்றன. அதற்கு மண்ணின் இடைவெளிகளில் இருக்கும் காற்று வேண்டும். வயலில் நாள்கணக்கில் தண்ணீர் தேங்கினால் பல பயிர்கள் தண்ணீருக்கு நடுவிலேயே வாடிப்போவது இதனால்தான். வேர் மூச்சுத் திணறிவிடுகிறது. நெல் மட்டும் எப்படித் தாங்குகிறது? அதன் தண்டிலும் வேரிலும் காற்று இறங்கிப்போகும் வெற்றிடப் பாதைகள் இருக்கின்றன. ஆனால் பயிர் முழுவதுமாக மூழ்கிவிட்டால் நெல்லும் நீண்ட நாள் தாங்காது. காவிரி டெல்டா விவசாயிக்கு அனுபவத்தில் தெரிந்த இந்தச் செய்தியைப் பாடத்தோடு சேர்த்துச் சொன்னால் அந்த அட்டவணைக்கு உயிர் வந்துவிடும்.

அதேபோல்தான் வாக்குவோல். "சேமிப்பு அறை" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். முதிர்ந்த தாவர செல்லில் 90 சதவீத இடம் வரை அதுவே அடைத்துக்கொள்ளும். அதில் நிரம்பிய நீர் செல் சுவரை உள்ளிருந்து அழுத்துவதால்தான் எலும்பே இல்லாத கீரைத் தண்டு நிமிர்ந்து நிற்கிறது. கீரை விற்கும் அம்மா அடிக்கடி தண்ணீர் தெளிப்பது இந்த அழுத்தம் இறங்கிவிடாமல் இருக்கத்தான். சுவர் மட்டும் இருந்தாலும் செடி நிற்காது, வாக்குவோல் மட்டும் இருந்தாலும் நிற்காது. இரண்டும் சேர்ந்துதான் நிறுத்துகின்றன. விலங்கு செல்லுக்குச் சுவர் இல்லாதது ஒரு குறையும் அல்ல. சுவர் இருந்திருந்தால் தசை சுருங்கி விரிய முடியாது, வெள்ளையணு ஊர்ந்து போய்க் கிருமியை விழுங்கவும் முடியாது.

குப்பை அள்ளாத வீடு

எல்லாவற்றையும்விட அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது லைசோசோம். பெல்ஜியத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் டி டூவ் எலியின் கல்லீரலில் ஒரு நொதியை அளந்துகொண்டிருந்தார். எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. அதே மாதிரியைச் சில நாள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு மறுபடி அளந்தால் அளவு கூடியிருந்தது! நொதி ஏதோ ஒரு பைக்குள் அடைபட்டிருக்க வேண்டும், பை சிதைந்ததும் வெளியே வந்திருக்கிறது என்று அவர் ஊகித்தார். 1955இல் அதற்கு லைசோசோம் என்று பெயரிட்டார். 1974இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

"தற்கொலைப் பை" என்ற பெயர் பயமுறுத்துகிறதே தவிர விளக்குவதில்லை. அந்த நொதிகள் அமிலச் சூழலில்தான் நன்றாக வேலை செய்யும். கொஞ்சம் கசிந்தாலும் சைட்டோபிளாசத்தில் அவற்றின் வீரியம் குறைந்துவிடும். லைசோசோமின் அன்றாட வேலை சாவது அல்ல, பழையதை உடைத்து மறுபடி பயன்படக் கொடுப்பது. செல் தன் பழுதான பாகங்களைப் பைகளில் கட்டி லைசோசோமுக்கு அனுப்பும் முறையை ஈஸ்ட்டில் ஆராய்ந்ததற்காகவே ஜப்பானின் யோஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்த வேலை நின்றால் என்ன ஆகும்? 1932இல் நெதர்லாந்து மருத்துவர் பொம்பே, இதயம் வீங்கி இறந்த ஒரு கைக்குழந்தையைப் பற்றி எழுதினார். 30 ஆண்டுகளுக்குப் பிறகு, 1963இல், டி டூவின் சக ஆய்வாளர் ஹெர்ஸ் காரணத்தைக் கண்டுபிடித்தார். கிளைக்கோஜனை உடைக்கும் ஒரே ஒரு லைசோசோம் நொதி அந்தக் குழந்தைகளுக்கு இல்லை. குப்பை அள்ளாத வீடு போலத் தசை செல்களில் கிளைக்கோஜன் தேங்கிவிடுகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துவிடும். அந்த நொதியை ஊசி வழியாகக் கொடுக்கும் மருந்து 2006இல் ஒப்புதல் பெற்றது.

வெளியிலிருந்து ஊசியில் ஏற்றிய நொதி, செல்லுக்குள் இருக்கும் லைசோசோமுக்கு எப்படி வழி கண்டுபிடிக்கிறது? லைசோசோம் நொதிகளுக்கு ஒரு முகவரிச் சீட்டு உண்டு. சாதாரணமாக அதை ஒட்டுவது கோல்கை உறுப்பு. மருந்தாகத் தயாரிக்கப்படும் நொதியிலும் அந்தச் சீட்டு இருப்பதால் செல் அதைப் பிடித்து உள்ளே அனுப்பிவிடுகிறது. சில குழந்தைகளுக்கு இந்தச் சீட்டை ஒட்டும் திறனே பிறவியில் இல்லாமல் போகிறது. அப்போது நல்ல நொதிகள்கூட வழி தவறிச் செல்லுக்கு வெளியே போய்விடுகின்றன, லைசோசோம் காலியாக நிற்கிறது. நோய் தெரிவது லைசோசோமில், கோளாறு இருப்பது கோல்கையில்! உறுப்புகளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் படித்தவருக்கு இந்த நோய் புரியவே புரியாது.

இது மருத்துவ மாணவர்களுக்கு மட்டுமான விஷயம் அல்லவா?

இல்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பொம்பே நோய்க்கான ஊசியை ஆயுள் முழுக்கப் போட வேண்டும். உடல் எடைக்கு ஏற்ப அளவு என்பதால் குழந்தை வளர வளரச் செலவும் வளரும். மத்திய அரசு 2021இல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை அறிவித்தது. 2022இல் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்று அது விரிவாக்கப்பட்டது. ஆயுள் முழுக்கத் தேவைப்படும் சிகிச்சைக்கு அந்தத் தொகை எத்தனை காலம் வரும்? ஒரு குழந்தைக்குச் செலவிடுவதா, அதே பணத்தில் ஆயிரம் குழந்தைகளுக்கு வேறு சிகிச்சையா என்ற கேள்வி எழத்தான் செய்யும். அதற்கு விடை சொல்லப்போவது செல் உயிரியல் நிபுணர்கள் மட்டும் அல்ல. நிதித்துறை அதிகாரிகள், காப்பீட்டு நிறுவனங்களின் கணக்காளர்கள், வழக்கறிஞர்கள், நீதிபதிகள், வரி கட்டும் சாதாரண மக்கள். இவர்களில் பெரும்பாலோர் பத்தாம் வகுப்போடு அறிவியலுக்கு விடைகொடுத்துவிட்டு வணிகவியல், கலைப் பிரிவுகளுக்குப் போனவர்கள்!

இங்கிலாந்தில் 2015இல் ஒரு சட்டம் வந்தது. மைட்டோகாண்ட்ரியா கோளாறு உள்ள தாயின் கருவுற்ற முட்டையிலிருந்து உட்கருப் பொருளை எடுத்து, நலமான மைட்டோகாண்ட்ரியா உள்ள வேறொரு பெண்ணின் முட்டையில் வைக்க அது அனுமதி தந்தது. இந்த முறையில் 8 குழந்தைகள் பிறந்திருப்பதாக 2025 ஜூலையில் நியூகாசில் மருத்துவக் குழு அறிவித்தது. "மூன்று பெற்றோர் குழந்தை" என்று செய்தித்தாள்கள் தலைப்பிட்டன. அந்த மூன்றாவது நபரின் பங்கு வெறும் 37 மரபணுக்கள் என்று தெரிந்தவர் ஒரு விதமாக யோசிப்பார், தெரியாதவர் வேறு விதமாகப் பயப்படுவார். அந்தச் சட்டத்துக்கு வாக்களித்தவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள். அவர்களில் எத்தனை பேர் உயிரியல் படித்திருப்பார்கள்?

ஆக, அறிவியலைத் தொடரப்போகிறவருக்குச் செல் பாடம் மறுபடி பல முறை வரும். தொடராதவருக்குப் பள்ளியில் படித்ததே கடைசி. அந்தக் கடைசி வாய்ப்பில் பதவிப் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து அனுப்புவது நியாயமா?

நேரம் எங்கே இருக்கிறது?

ஆசிரியர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது. வகுப்பில் கூட்டம் அதிகம், போர்ஷன் முடிக்க வேண்டும், தேர்வில் கேட்பதைத்தான் நடத்த முடியும். சரி, அப்படியானால் தேர்வில் கேட்பதைக் கொஞ்சம் மாற்றலாம். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம்கூடக் கூட்ட வேண்டாம். "லைசோசோம் - சிறு குறிப்பு வரைக" என்பதற்குப் பதில் "லைசோசோம் நொதி ஒன்று இல்லாவிட்டால் செல்லில் என்ன தேங்கும்?" என்று கேட்கலாம். "வேறுபாடுகளை அட்டவணைப்படுத்துக" என்பதற்குப் பதில் "தண்ணீர் தேங்கிய வயலில் பயிர் ஏன் வாடுகிறது?" என்று கேட்கலாம். கேள்வி மாறினால் படிக்கும் முறை தானாக மாறும்.

மனப்பாடம் செய்த பட்டியல் நிலையானதும் அல்ல. காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்தும் உறுப்பு எந்தத் தாவர, விலங்கு செல்லிலும் கிடையாது என்றுதான் புத்தகங்கள் சொல்லி வந்தன. 2024இல், கடலில் வாழும் ஒரு நுண்பாசிக்குள் இருந்த பாக்டீரியா அப்படி ஓர் உறுப்பாகவே மாறிவிட்டது என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நைட்ரோபிளாஸ்ட் என்று அதற்குப் பெயர். விருந்தாளி பங்குதாரராகும் கதை மறுபடியும் நடந்திருக்கிறது. பட்டியலை மட்டும் படித்தவருக்கு இது இன்னொரு பெயர். கதையைப் படித்தவருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி!

தொழிற்சாலை உவமை வகுப்பில் முதல் நாள் இருக்கட்டும். இரண்டாம் நாள் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கட்டும்: "இந்தத் தொழிற்சாலைக்கு முதலாளி யார்?" மாணவர்கள் தேடிப் பார்த்து, அப்படி யாரும் இல்லை என்று கண்டுபிடிக்கட்டும். ஒருவர் இல்லாமல் இன்னொருவர் இல்லை என்ற ஏற்பாடு ஒன்று இத்தனை கோடி ஆண்டுகளாகத் தங்கள் உடலுக்குள் நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிள்ளை, பிற்காலத்தில் கணக்காளரானாலும் கலெக்டரானாலும், ஒரு நோயாளிக் குழந்தையின் கோப்பு மேசைக்கு வரும்போது அதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கும்.